தட்டும் என்ஜினும் காத்திருக்கும் எரிபொருளும்

தியானப் பகுதி: 1 சாமுவேல் 13:5–14, யாக்கோபு 1:2–4, 19–20



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், நமது ஆலங்குளம் வழியாகச் செல்லும் திருநெல்வேலி–தென்காசி சாலைக்கு ஓய்வில்லை. வேன்களும் பேருந்துகளும் குடும்பங்களைச் சுமந்துகொண்டு அருவியை நோக்கிப் போகின்றன. அவற்றின் நடுவே, பார்வைக்குச் சாதாரணமாயிருந்தாலும் தங்கள் உறுமலினால் தங்களைக் காட்டிக்கொள்ளும் சில கார்களும் போகின்றன. தயாரித்த நிறுவனம் கொடுத்த அளவைவிட அதிக வேகமும் இழுவையும் தரும்படி மாற்றியமைக்கப்பட்ட கார்கள் அவை. நமது வாலிபர் ஐக்கியத்திலும் அவற்றைப் பற்றிய பேச்சு உண்டு. “ஐயா, சாதாரணப் பெட்ரோல் போதுமா, விலை கூடின ஹை ஆக்டேன் பெட்ரோல் ஊற்ற வேண்டுமா? அதை ஊற்றினால் பிக்கப் கூடுமா?” என்ற கேள்வி அண்மையில் எழுந்தது. ஆக்டேன் என்றால் என்ன என்று சரியாக அறிந்துகொண்டால், பரிசுத்த வேதாகமம் நீடிய பொறுமை என்று அழைக்கும் குணத்தைப் பற்றியும் தெளிவு கிடைக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆகவே இந்த வாரம் அதையே தியானிப்போம்.

மோட்டார் பந்தயம் நமது மாநிலத்துக்குப் புதியதன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளமாயிருந்த சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. பின்னர் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடத்தை அமைத்தது. கோயம்புத்தூரில் தாமே பந்தயக் கார்களை வடிவமைத்துக் கட்டிய எஸ். கரிவரதன் 1995இல் காலமானார். அவருடைய பெயரைத் தாங்கிய தடம் இன்று செட்டிப்பாளையத்தில் இருக்கிறது. அந்த நகரத்துப் பிள்ளையாகிய நரேன் கார்த்திகேயன் 2005இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடினார். இத்தகைய தடங்களுக்குக் காரை ஆயத்தம் செய்கிற ஒவ்வொரு மெக்கானிக்கும் அஞ்சுகிற ஒரு சத்தம் உண்டு. நமது ஊர்ப் பட்டறைகளிலும் அதை ‘நாக்கிங்’ என்றே சொல்லுகிறார்கள்.

நாக்கிங் என்பது என்ன?

பெட்ரோல் என்ஜினின் சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் கலந்து வருகின்றன. பிஸ்டன் மேலேறி அக்கலவையை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. நெருக்கப்பட்ட எந்தக் காற்றும் சூடாகும் என்பதை சைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள் எல்லாரும் அறிவார்கள். நெருக்கம் உச்சத்தை அடையும் வேளைக்குச் சற்று முன்பாக ஸ்பார்க் பிளக் ஒரு பொறியை விடுகிறது. அந்தப் பொறியிலிருந்து நெருப்பு ஒழுங்காகப் பரவி, ஓரத்திலுள்ள கலவைவரை வந்து சேரவேண்டும். இதற்கு ஆகும் நேரம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் சில பங்குதான். நிமிடத்துக்கு 6,000 சுற்றுகள் சுழலும் என்ஜினில், ஒவ்வொரு சிலிண்டரிலும் இது வினாடிக்கு 50 தரம் நடைபெறுகிறது.

நெருப்பு பரவிவரும்போது, அது இன்னும் சென்றடையாத ஓரத்துக் கலவை மேலும் நெருக்கப்பட்டு மேலும் சூடாகிறது. அவ்வேளையில் அந்தக் கலவை பொறுத்திருந்தால், நெருப்பு வந்து அதை ஒழுங்காக எரிக்கும். அதன் ஆற்றல் முழுவதும் பிஸ்டனைத் தள்ளும். பொறுக்கமாட்டாமல் அது தானாகவே தீப்பற்றினால், ஒரே கணத்தில் வெடிக்கும். அந்த அதிர்ச்சி சிலிண்டரின் சுவரில் சுத்தியல்போல மோதுகிறது. அந்த மோதலின் ஒலியே நாக்கிங். இருவரை ஏற்றிக்கொண்ட மோட்டார் சைக்கிள் புளியரை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் கியரைக் குறைக்காமல் ஏறும்போது, ‘கடகட’வென்று கேட்கும் சத்தத்தை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள்.

பிஸ்டன் அலுமினியக் கலவையினால் ஆனது. ஏறக்குறைய அறுநூறு டிகிரி வெப்பத்தில் உருகத்தொடங்கிவிடும். சிலிண்டருக்குள் எழும்பும் நெருப்போ 2,000 டிகிரிக்கும் மேற்பட்டது. அப்படியிருந்தும் பிஸ்டன் உருகாததற்கு ஒரு காரணம், உலோகத்தின்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய குளிர்ந்த வாயுப்படலம். நாக்கிங்கின் அதிர்ச்சி அந்தப் படலத்தைக் கலைத்துவிடுகிறது. கடுமையான நாக்கிங் தொடர்ந்தால் பிஸ்டனின் ஓரம் அரிக்கப்படும், ரிங் தாங்கும் பகுதி உடையும், முடிவில் பிஸ்டனிலேயே ஓட்டை விழும்.

காரை ‘ரீமேப்’ செய்கிறவர்கள் என்ஜினை ஆளும் கணினியின் கட்டளைகளை மாற்றி, டர்போ அதிகக் காற்றைத் திணிக்கும்படியும், பொறி இன்னும் முந்தி விழும்படியும் செய்கிறார்கள். நெருக்கம் கூடுகிறது, அதனால் வலிமையும் கூடுகிறது. அந்தக் கூடுதல் நெருக்கத்தை ஊற்றப்படும் எரிபொருள் தாங்குமா என்பதே பிறகு எஞ்சும் கேள்வி. அதைத் தாங்கும் திறனை அளக்கும் எண்ணே ஆக்டேன்.

1926இல் கிரகாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் இந்த அளவுகோலுக்கு வழிகாட்டினார். எளிதில் தானாகத் தீப்பற்றும் ஹெப்டேனுக்குப் பூச்சியமும், நெருக்கத்தை நன்றாய்த் தாங்கும் ஐசோ-ஆக்டேனுக்கு நூறும் கொடுக்கப்பட்டன. 91 ஆக்டேன் பெட்ரோல் என்றால், 91 பங்கு ஐசோ-ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எவ்வளவு நெருக்கத்தைத் தாங்குமோ அவ்வளவை அந்தப் பெட்ரோலும் தாங்கும் என்று பொருள்.

ஆகவே வாலிபர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இது: ஆக்டேன் வலிமையின் அளவு அன்று. எத்தனாலின் ஆக்டேன் எண் ஏறக்குறைய 108; பெட்ரோலைவிட மிக உயர்ந்தது. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றலோ ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆக்டேன் எண் சொல்லுவது ஒன்றே ஒன்று: நெருக்கத்தின் நடுவே, தன் வேளை வரும்வரை இந்த எரிபொருள் எவ்வளவு காத்திருக்கும் என்பதை. உங்கள் வண்டியின் கையேடு சாதாரணப் பெட்ரோல் போதும் என்று சொன்னால் அதுவே போதும். விலை கூடினதை ஊற்றுவதால் பெரிய பயன் இராது. உயர்ந்த ஆக்டேனுக்கென்று மாற்றியமைக்கப்பட்ட காரில் சாதாரணப் பெட்ரோலை ஊற்றினால் என்ஜினுக்குச் சேதம் வரலாம்.

கில்காலில் ஏழு நாட்கள்

இப்பொழுது சவுல் ராஜாவிடத்தில் வாருங்கள். பெலிஸ்தர் கடற்கரை மணலைப்போலத் திரண்டு வந்து மிக்மாசில் பாளயமிறங்கியிருக்கிறார்கள். இஸ்ரவேலர் குகைகளிலும் முட்செடிகளிலும் கன்மலைகளிலும் ஒளிந்துகொள்ளுகிறார்கள். சாமுவேல் ஏழு நாட்கள் காத்திருக்கச் சொல்லியிருந்தார். சவுல் காத்திருந்தான். ஒருநாள், இருநாள் அன்று, ஏழு நாட்கள். ஒவ்வொரு நாளும் அவனைவிட்டு ஆட்கள் சிதறிப்போனார்கள். முடிவில் ஏறக்குறைய அறுநூறு பேர் எஞ்சினார்கள். ஏழாம் நாளிலும் சாமுவேல் வரக்காணோம். அப்பொழுது சவுல் தானே சர்வாங்க தகனபலியைச் செலுத்தினான்.

அடுத்த வசனத்தைக் கவனமாய் வாசியுங்கள். அவன் பலியிட்டு முடித்தான். இதோ, சாமுவேல் வந்துவிட்டார். அதாவது, சவுல் பொறுமையிழந்த அந்த வேளையில் சாமுவேல் வழியில் வந்துகொண்டுதான் இருந்தார். சிலிண்டருக்குள்ளும் இதுவே நடக்கிறது. ஓரத்துக் கலவை தானாக வெடிக்கும் கணத்தில், நெருப்பு அதை நோக்கி வந்துகொண்டுதான் இருக்கிறது. இன்னும் ஒரு கணம் பொறுத்திருந்தால் வந்து சேர்ந்திருக்கும்.

சவுல் செய்த காரியம் பார்வைக்குத் தீமையானதன்று என்பதையும் எண்ணிப்பாருங்கள். அவன் செலுத்தியது பலி; நாடியது கர்த்தருடைய தயவு. சொன்ன நியாயங்களும் நமக்குப் புரிகின்றன: ஜனங்கள் சிதறினார்கள், நீர் வரவில்லை, சத்துருக்கள் கூடிவிட்டார்கள், ஆகையால் துணிந்து செய்தேன் என்றான். நாக்கிங்கில் வெடிப்பதும் வேறு ஏதோ அந்நியப் பொருளன்று, அதே பெட்ரோல்தான். தன் வேளையில் எரிந்தால் காரை மலையேற்றும். வேளைக்கு முந்தினால் பிஸ்டனை உடைக்கும். நம் வீடுகளில் சொல்லப்படும் பல கடுஞ்சொற்களும் இப்படிப்பட்டவையே. பிள்ளையைத் திருத்தவேண்டும் என்ற எண்ணம் நல்லது. பிளஸ் டூ மதிப்பெண் வந்த மாலையிலே, அயலார் கேட்கும்படி, அந்த எண்ணம் வெடித்தால் என்ன நேரிடும் என்பதை எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறோம். மகனின் கதவு அடைபடுகிறது. பிறகு திறக்கப் பல ஆண்டுகள் ஆகின்றன.

பிள்ளைகளை வளர்க்கிற பெற்றோருக்கு இன்னொரு சொல். மாற்றியமைக்கப்பட்ட என்ஜினுக்குத் திணிக்கப்படும் காற்றைப்போல, நாமும் பிள்ளைகளுக்குள் எதிர்பார்ப்பைத் திணிக்கிறோம். அதிகாலை டியூஷன், பள்ளிக்கூடம், மாலையில் நீட் பயிற்சி, இரவில் ஒப்பீடு. நெருக்கத்தைக் கூட்டுவது எளிது. அதைத் தாங்குகிற உள்ளத்தை அவர்களுக்குள் உருவாக்க அதே அளவு பிரயாசப்பட்டோமா? பிள்ளை சினந்து பேசும்போது, உண்ணாமல் படுக்கும்போது, பேச்சையே நிறுத்திவிடும்போது, அது கீழ்ப்படியாமை என்று உடனே தீர்ப்பிடவேண்டாம். தாங்கக்கூடிய அளவைத் தாண்டிவிட்டோம் என்று தட்டிச் சொல்லும் சத்தமாகவும் அது இருக்கலாம்.

நீடிய பொறுமை என்னும் சொல்

ஆவியின் கனிகளில் ஒன்றாகக் கலாத்தியர் நிருபம் கூறும் நீடிய பொறுமைக்குக் கிரேக்க மொழியில் ‘மக்ரோதூமியா’ என்று பெயர். ‘மக்ரோஸ்’ என்றால் நீண்டது. ‘தூமோஸ்’ என்றால் உள்ளத்தில் மூளும் கொதிப்பு. கொதிப்பு வெளிப்பட நெடுநேரம் ஆகிறவன் என்பது அதன் பொருள். எபிரெய மொழியிலோ தேவனுடைய நீடிய சாந்தத்தைக் குறிக்க ‘எரெக் அப்பாயிம்’ என்கிறார்கள். நேர்ப்பொருளில் ‘நீண்ட மூக்குடையவர்’. கோபம் மூக்கில் கனன்று வெளிவரும் என்று எண்ணிய மக்கள், கோபம் நெடுந்தூரம் கடந்தே வெளியே வரவேண்டியவராகத் தங்கள் தேவனைக் கண்டார்கள். யாக்கோபு எழுதும் இன்னொரு சொல் ‘ஹுப்பொமொனே’. ‘கீழே தங்கியிருத்தல்’ என்று அதைப் பிரிக்கலாம். சுமைக்குக் கீழேயிருந்து ஓடிவிடாமல் தரித்திருப்பது அது.

இந்தச் சொற்கள் எவையும் கோபமே வராதவனைக் குறிக்கவில்லை. தேவனுக்குக் கோபம் உண்டு. அநீதியைக் கண்டு எரிகிற பரிசுத்தம் அவருக்கு உண்டு. எரியாத தண்ணீருக்கு யாரும் ஆக்டேன் எண் கொடுப்பதில்லை. எரியக்கூடியதற்கே அந்த எண். தனக்குள் நெருப்பை வைத்துக்கொண்டு, வேளைக்கு முந்தாமல் இருப்பவரே நீடிய பொறுமையுள்ளவர்.

இந்த இடத்தில் வேதியியலில் ஓர் அழகான காரியம் இருக்கிறது. எளிதில் வெடிக்கும் ஹெப்டேனின் அணுக்கள் கிளையில்லாமல் ஒரே நீண்ட சங்கிலியாக நிற்கின்றன. நெருக்கத்தைத் தாங்கும் ஐசோ-ஆக்டேனின் அணுக்களோ கிளைகள் விட்டு, ஒன்றோடொன்று நெருங்கியிருக்கின்றன. கிளையாக இணைந்திருப்பதைப் பற்றி நமது ஆண்டவர் யோவான் 15இல் சொன்னதை நீங்கள் அறிவீர்கள். தனியே தன் பாரத்தை இழுக்கிறவன் சீக்கிரம் முறிகிறான். ஆண்டவரோடும் சபையோடும் இணைந்திருக்கிறவனுக்குத் தாங்கும் பலன் அருளப்படுகிறது.

சத்தத்தை அடக்கிய ஈயம்

இனி நான் சொல்லப்போவதே இந்த வாரச் செய்தியின் மையம். நாக்கிங்கை நிறுத்த மனிதர் ஒரு காலத்தில் கண்டுபிடித்த குறுக்குவழியைக் கேளுங்கள்.

1921 டிசம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவின் டேட்டன் நகரிலிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில், சார்லஸ் கெட்டரிங்கின் கீழ்ப் பணியாற்றிய தாமஸ் மிட்ஜ்லி என்ற பொறியாளர் பெட்ரோலில் டெட்ரா எத்தில் லெட் என்னும் ஈயச் சேர்மத்தைச் சிறிதளவு கலந்தார். நாக்கிங் அடங்கிற்று. ஆல்கஹால் கலந்தாலும் நாக்கிங் குறையும் என்பதை அதே ஆய்வாளர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் ஈயம் மிகச் சிறிதளவே போதும், செலவு குறைவு, காப்புரிமையும் கிடைக்கும். 1923 பிப்ரவரியில் அது விற்பனைக்கு வந்தது. விற்பனைப் பெயரில் ஈயம் என்ற சொல்லே இல்லை. ‘எத்தில்’ என்று மட்டும் அழைத்தார்கள்.

ஈயம் நஞ்சு என்பது அப்பொழுதும் தெரிந்த காரியமே. மிட்ஜ்லியே ஈய நஞ்சினால் பாதிக்கப்பட்டு, 1923இன் தொடக்கத்தில் ஓய்வெடுக்கப் போனார். 1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே என்ற இடத்திலிருந்த ஆலையில் இந்தச் சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளரில் ஐந்து பேர் சித்தம் கலங்கி இறந்தார்கள். அந்த மாத இறுதியில் மிட்ஜ்லி செய்தியாளர்களுக்கு முன்பாக அதைத் தம் கைகளில் ஊற்றி, முகர்ந்தும் காட்டி, ஆபத்தில்லை என்றார். உலகம் நம்பிற்று. அடுத்த பல பத்தாண்டுகள் உலகத்தின் கார்கள் சத்தமின்றி ஓடின. அவற்றின் புகையோடு ஈயம் தெருக்களிலும் மண்ணிலும் குழந்தைகளின் இரத்தத்திலும் படிந்தது. ஈயம் வளரும் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கிறது.

நமது நாட்டில் 1995இல் நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமாயிற்று. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் அதை நிறுத்தியது. இதனால் ஆண்டுதோறும் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட அகால மரணங்கள் தவிர்க்கப்படுவதாக ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் அறிவித்தது. தொடக்கத்திலேயே அறியப்பட்டிருந்த ஆல்கஹால் இன்று எத்தனாலாக நமது பெட்ரோலில் 20 சதவீதம் கலக்கப்பட்டு வருகிறது.

பிரியமானவர்களே, சத்தம் அடங்கிவிட்டால் காரியம் சரியாகிவிட்டது என்று எண்ணுவது எவ்வளவு பெரிய ஏமாற்றம்! காயத்தை மேலோட்டமாகக் குணப்படுத்தி, சமாதானம் இல்லாத இடத்தில் சமாதானம் என்று சொன்னவர்களை எரேமியா தீர்க்கதரிசி கடிந்துகொண்டார். நம் நடுவிலும் இந்த ஈயம் உண்டு.

தன் கணவனால் அடிக்கப்படுகிற ஒரு சகோதரி, பீடித்தட்டைக் கீழே வைத்துவிட்டு யாரிடமாவது வாய்திறந்து சொல்லுகிறாள். “பொறுத்துப் போ, பொம்பளைதானே விட்டுக்கொடுக்கணும், நாலு பேருக்குத் தெரிஞ்சா மானம் போகும்” என்கிறார்கள். அவள் வீட்டில் சத்தம் நிற்கிறது. அதற்கு நீடிய பொறுமை என்று பெயரிடாதிருங்கள். அது ஈயம். அதன் நஞ்சு அவளுக்குள்ளும், சுவருக்கு அப்பாலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்குள்ளும் படிகிறது. பங்காளிகளுக்குள் நிலத் தகராறு. ஒரே ஆலயத்தில் இரு ஓரங்களில் உட்காருகிறார்கள். சண்டையில்லை, ஆகவே சமாதானம் என்கிறோம். குடிக்கு அடிமையான மகனைப் பற்றி ஊரார் கேட்டால், வெளியூரில் வேலை என்கிறோம். நோயை நோயென்று சொல்லாமல் வேறு பெயரிட்டு அழைக்கிறோம். ஈயத்தை எத்தில் என்று அழைத்ததுபோல.

வேதம் கற்பிக்கும் பொறுமைக்கும் இந்த மௌனத்துக்கும் உள்ள வேறுபாட்டை எப்படி அறிவது? பொறுமை உண்மையை மறைக்காது. அது தேவனிடத்தில் முறையிடும். சங்கீதங்களில் எத்தனை முறையீடுகள்! வேளை வரும்போது பேசும், உதவி தேடும். அது பலவீனரைக் காக்கும். அவர்கள் முதுகின்மேல் வேறொருவருடைய மானத்தை ஏற்றிவைக்காது. அடிக்கப்படுகிற எவரும் அந்த வீட்டிலேயே இருந்து அடியை வாங்கவேண்டும் என்று ஆண்டவர் கற்பிக்கவில்லை. அப்படிப்பட்ட ஒருவர் இதை வாசித்தால், என்னிடத்திலோ, நீங்கள் நம்பும் வேறொருவரிடத்திலோ பேசுங்கள். பெண்களுக்கான அரசின் உதவி எண் 181. அதை அழைப்பது விசுவாசக் குறைவன்று.

தட்டலைக் கேட்கும் கருவி

அப்படியானால் சரியான வழி என்ன? இக்காலத்து என்ஜின்கள் நமக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டைத் தருகின்றன. சிலிண்டர் பிளாக்கின்மேல் ‘நாக் சென்சார்’ என்னும் சிறு கருவி பொருத்தப்பட்டிருக்கிறது. மற்ற எல்லாச் சத்தங்களின் நடுவிலும், வினாடிக்கு ஏறக்குறைய ஆறாயிரம் ஏழாயிரம் தரம் அதிரும் அந்த ஒரு தட்டலை மட்டும் அது கேட்கிறது. கேட்டவுடனே கணினி பொறி விழும் வேளையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளுகிறது. வலிமை அந்த நேரத்துக்குச் சிறிது குறைகிறது, பிஸ்டன் தப்புகிறது. தட்டல் நின்றபின், கணினி மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

தாவீதின் வாழ்க்கையில் அபிகாயில் இப்படிப்பட்டவளாய் வந்தாள். நாபாலின் ஏளனத்தைக் கேட்டுத் தாவீது நானூறு பேரோடு பட்டயம் கட்டிக்கொண்டு புறப்பட்டான். முந்தின அதிகாரத்தில், எங்கேதிக் குகையில் சவுலைத் தன் கைக்கெட்டிய தூரத்தில் கண்டும் கொல்லாமல் விட்டவன் அவனே. ஒருநாள் தாங்கினவன் மறுநாள் தாங்கமாட்டான் என்பதை இந்த இரண்டு அதிகாரங்களும் அருகருகே நின்று சொல்லுகின்றன. அபிகாயில் வழியில் அவனைச் சந்தித்துப் பணிவாய்ப் பேசினாள். அவன் கேட்டான், பின்வாங்கினான், அவளை அனுப்பிய கர்த்தரை ஸ்தோத்திரித்தான். உங்கள் வீட்டில் அபிகாயில் யார்? மனைவியா, தாயா, “அப்பா, சத்தம் போடாதீங்க” என்று சொல்லும் மகளா? அவர்கள் சொல்லும்போது சில டிகிரி பின்வாங்குவதனால் ஒருவருடைய ஆண்மையும் குறைந்துபோகாது. அதிக வலிமைக்கு ஆசைப்பட்டு நாக் சென்சாரின் குரலையே கேளாதபடி செய்துவிடுகிறவர்கள் உண்டு. மனச்சாட்சியில் சூடுண்டவர்களைப் பற்றித் தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட எச்சரிப்பை அங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு காரியங்களைச் சுருக்கமாய்ச் சொல்லுகிறேன். பழைய என்ஜினில் கரி படியப் படிய, முன்பு தாங்கின அதே நெருக்கத்தை அதே பெட்ரோலினால் தாங்க இயலாமற்போகிறது. கரியைச் சுரண்டிச் சுத்தம் செய்யவேண்டும். நாமும் சூரியன் அஸ்தமித்த பின்பும் வைத்துக்கொண்ட கோபங்களினால் இவ்விதமாகவே ஆகிறோம். இருபது ஆண்டுகளுக்கு முந்தின ஒரு சொல், இன்றைய சிறு பேச்சை வெடியாக்குகிறது. மன்னிப்பு அந்தக் கரியை அகற்றுகிறது. அடுத்து, டர்போ திணிக்கும் சூடான காற்றை முதலில் ‘இன்டர்கூலர்’ வழியாகக் குளிரவைத்தே உள்ளே அனுப்புகிறார்கள். குளிராமல் உள்ளே போகும் காற்று நாக்கிங்கை வரவழைக்கும். பட்டறையிலோ கடையிலோ அலுவலகத்திலோ பட்ட சூட்டோடு நேரே வீட்டுக்குள் நுழையாமல், வாசலில் ஐந்து நிமிடம் நின்று ஜெபித்துவிட்டு உள்ளே போங்கள். ஓய்வுநாளைத் தேவன் கொடுத்ததிலும் இந்த இரக்கம் இருக்கிறது.

நெருக்கத்தின் இடத்தில் நமது ஆண்டவர்

கெத்செமனே என்ற பெயருக்கு எண்ணெய் ஆலை என்று பொருள். ஒலிவப் பழங்கள் நெருக்கப்பட்டு எண்ணெய் பிழியப்பட்ட இடம் அது. செக்கை அறிந்த நமக்கு அதை விளக்கவேண்டியதில்லை. உலகத்தின் பாவமெல்லாம் சுமத்தப்படவிருந்த அந்த இரவில், நமது ஆண்டவர் அங்கே முழங்காற்படியிட்டார். அந்தத் துயரத்தை அவர் மறைக்கவில்லை. தம் ஆத்துமா துக்கத்தினால் நிறைந்திருப்பதாகச் சீஷரிடத்தில் வெளிப்படையாகச் சொன்னார். பிதாவிடம் முறையிட்டார், வியர்வை இரத்தத் துளிகளைப்போல விழுந்தது.

அதே தோட்டத்தில் பேதுரு பட்டயத்தை உருவினான். ஒரு வேலைக்காரனுடைய காது அறுந்தது. அவனுக்கு அன்பு இருந்தது, துணிவு இருந்தது. காத்திருக்கும் பலன் இன்னும் இல்லை. பன்னிரண்டு லேகியோனுக்கு அதிகமான தூதரைத் தம்மால் வரவழைக்கக்கூடும் என்று ஆண்டவர் அவனுக்குச் சொன்னார். அவ்வளவு வல்லமையையும் கையில் வைத்துக்கொண்டு, பிதாவின் வேளைக்கு முந்தாமல் அவர் சிலுவைக்குப் போனார். அவருடைய அந்தக் காத்திருப்பினால் நாம் இரட்சிக்கப்பட்டிருக்கிறோம். அந்தப் பேதுருவே பிற்காலத்தில், கர்த்தருடைய நீடிய பொறுமையை இரட்சிப்பென்று எண்ணும்படி தன் நிருபத்தில் எழுதினான். பட்டயத்தை உருவின கையை அப்படி எழுதும் கையாக மாற்றியவர், நம்மையும் மாற்றுவார்.

இந்த வாரம் உங்களுக்கு வரும் நெருக்கத்தில், பதில் சொல்லுமுன் ஒரு கணம் நில்லுங்கள். பேசவேண்டிய உண்மை இருந்தால், அதைப் புதைக்காமல் ஏற்ற வேளையில் பேசுங்கள்.

ஜெபிப்போம்: நீடிய சாந்தமுள்ள எங்கள் பரம பிதாவே, எங்கள் உள்ளத்தின் கொதிப்பை நீர் அறிவீர். நெருக்கத்தின் கீழே தரித்திருக்கும் பலனை உமது ஆவியினால் எங்களுக்குத் தாரும். சமாதானம் என்ற பெயரில் நாங்கள் மூடிவைத்திருக்கும் நஞ்சுகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவாரும். ஒடுக்கப்படுகிறவர்களுக்கு அடைக்கலமும், பேசும் துணிவும் அருளும். எங்கள் பிள்ளைகளின் இளைய தோள்கள்மேல் அவர்கள் தாங்கக்கூடாததை நாங்கள் ஏற்றாதபடி எங்களைக் காத்துக்கொள்ளும். சாலையில் வாகனம் ஓட்டுகிற எங்கள் வாலிபர்களைச் சேதமின்றி வீடு சேரப்பண்ணும். கெத்செமனேயில் எங்களுக்காக நெருக்கப்பட்ட இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆயர்